ஜோடியில் ஒன்று

நின்றுகொண்டே இருக்க வேண்டாம் அண்ணாச்சி. இதில் உட்காருங்கள். யோசிக்காதீர்கள், தாங்கும். கோங்கு மரம். பார்க்கத்தான் கோணல், உட்கார்ந்தால் ஆடாது. நான் இந்த மதகுக் கட்டையில் உட்கார்ந்துகொள்கிறேன். தாழ்வாகத்தான் இருக்கிறது, எழுந்திருக்கும்போது முழங்கால் ஒரு பாட்டுப் பாடும். பரவாயில்லை. திருநெல்வேலி வண்டி இப்போதைக்கு வராதாம். எதிரே டீக்கடையில் சொன்னார்கள்.

இல்லை, ஸ்டூல் இல்லை. வழியெல்லாம் கேட்டுவிட்டார்கள். ஒருவர், பந்தல் போடுகிற ஆளா என்றார். ஒரு அம்மாள் கேட்கவேயில்லை, பார்த்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போனார். அவர் எங்கள் சபைக்காரராக இருக்கும். அவர் ஏன் அப்படிப் போனார் என்பதையும் சொல்கிறேன்.

இது மரம் அறுக்கிறவன் வைத்துக்கொள்வது. அறுக்க வேண்டிய மரத்தைத் தரையில் போட்டால் குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும். அதனால் இப்படி இரண்டு செய்து, இடைவெளி விட்டு நிறுத்தி, மேலே மரத்தைக் கிடத்தி அறுப்பது. நான் இருந்த நாட்டில் இதைக் குதிரை என்பார்கள். எப்போதும் ஜோடியாகத்தான் இருக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று வீட்டில் இருக்கிறது. அப்பாவிடம்.

நான் இந்த ஊருக்கு வந்தது அப்பாவைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போக. திரும்பிப் போகிறபோது என் கூட வருவது இது. நீங்களே சொல்லுங்கள், இதில் என் தப்பு என்ன என்று. முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஆசீர்வாதம் என்றால் இந்தப் பக்கத்தில் வயதானவர்களுக்குத் தெரியும். போன மழைக்குக் குளியலறையில் விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு. பாளையங்கோட்டையில் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். நன்றாகத்தான் செய்தார்கள். எலும்பு சேர்ந்துவிடும், எதையாவது பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள் என்று டாக்டரே சொல்லி அனுப்பினார். அப்பா நடக்கவில்லை. கட்டிலில் படுத்தவர் படுத்தவர்தான்.

என் அக்கா பியூலா இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். காலையும் மாலையும் தூக்குச்சட்டியோடு வருவாள், துடைத்துவிடுவாள், துணி மாற்றுவாள், தன் வீட்டுக்கு ஓடுவாள். அவளும் பெண்ணைக் கட்டிக்கொடுத்து, பிரசவம் பார்த்து ஓய்ந்து போனவள். ஒருநாள் போனில், "நீ ஒருக்க வந்து பாருல" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள் குரலைக் கேட்டே எனக்குப் புரிந்துவிட்டது, அப்பாவை அழைத்துப் போகச் சொல்கிறாள் என்று.

நான் இருபது வருடத்துக்கு மேல் ஸ்காட்லாந்தில் இருந்தேன். இப்போது நான் மட்டும் கோயம்புத்தூருக்கு வந்துவிட்டேன். மனைவியும் மகளும் ஸ்காட்லாந்திலேயே இருக்கிறார்கள். அது வேறு கதை. அங்கே எனக்கு என்ன வேலை தெரியுமா? பெரிய கட்டடங்களில் தீப்பிடித்தால் உள்ளே இருக்கிறவர்களை எந்த வழியாக வெளியேற்றுவது என்று பார்த்துச் சொல்வது. படுக்கையில் கிடக்கிறவர், நடக்க முடியாதவர், பயத்தில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு வர மறுக்கிறவர், எல்லோருக்கும் ஒரு வழி உண்டு. எழுதி வைப்போம். அதனால் ஒரு மனிதரை ஓர் இடத்திலிருந்து வெளியே கொண்டுவருவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கோயம்புத்தூர் வீட்டைத் தயார் செய்துவிட்டுத்தான் வந்தேன். பத்தாவது மாடி. நல்ல காற்று. குளியலறையில் கை எட்டுகிற இடமெல்லாம் எஃகுக் கம்பி பதித்தேன். வழுக்காத தரை. கட்டில் பக்கத்தில் மணி. லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்றுகூட அளந்து பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். இதற்கு மேல் ஒரு மகன் என்ன செய்ய முடியும்?

வந்த அன்றே ஒரு நடைச்சட்டம் வாங்கி வந்தேன். அலுமினியத்தில், நாலு காலோடு, ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்களே, அது. அப்பா அதைப் பார்த்தார்.

"தகரத்தப் பிடிச்சிட்டு என்ன நடக்கச் சொல்லுதியா? நான் போஸ்ட்டுல ஏறுனவன்லே" என்றார்.

சரி என்று அதை மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டேன். நடக்காவிட்டாலும் பரவாயில்லை, படுத்தபடியே வண்டியில் கொண்டு போகலாம் என்று ஏற்பாடு. எலும்பு இன்னும் கொஞ்சம் இறுகட்டும், அதுவரை நீண்ட பயணம் வேண்டாம் என்றார் டாக்டர். அப்படித்தான் இந்த ஊரில் நான் மாட்டிக்கொண்டேன்.

பொழுது போகாது அண்ணாச்சி. அப்பா பேச மாட்டார். முன்பும் பேச மாட்டார். நான் உள்ளே போனால் கண்ணை மூடிக்கொள்வார். அக்கா வந்தால் நின்றுகொண்டே பேசுவாள். அப்போதுதான் அந்தப் புத்தகம் ஞாபகம் வந்தது. ஸ்காட்லாந்திலிருந்து கிளம்பும்போது சாமான்களை எல்லாம் கொடுத்துவிட்டேன், அந்த ஒரு புத்தகத்தை மட்டும் ஏனோ பெட்டியில் போட்டிருந்தேன். மரவேலை. அங்கே பழைய களஞ்சியங்களை எல்லாம் ஆணியில்லாமல்தான் கட்டியிருப்பார்கள். ஒரு கட்டையில் சதுரமாகத் துளை எடுத்து, இன்னொரு கட்டையின் முனையை நாக்கு மாதிரி செதுக்கி உள்ளே இறக்கி, குறுக்கே ஒரு மரமுளையை அடித்துவிடுவார்கள். நூறு வருடம் கழித்தும் நிற்கும். அந்த மாதிரி வேலையை முதல் முதலாகத் தொடுகிறவன் முதலில் ஒரு ஜோடி குதிரை செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஏனென்றால் பிறகு செய்வதெல்லாம் அதன் மேலே வைத்துத்தான் செய்யணும்.

என் கையால் எதையும் செய்ததில்லை அண்ணாச்சி. வரைபடம் போட்டிருக்கிறேன், அம்புக்குறி போட்டிருக்கிறேன். இவ்வளவுதான். கோயம்புத்தூர் போனதும் ஒரு மேஜை, ஒரு புத்தக அலமாரி எல்லாம் நானே செய்யலாம், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார் என்று ஒரு நினைப்பு.

புத்தகத்தில் மெத்தென்ற மரமாக எடுக்கச் சொல்லியிருந்தது. இங்கே பழைய வீடு இடித்த மரம் விற்கிற கடையில் கோங்குதான் இருந்தது. இரும்பு மாதிரி. உளியை வைத்துக் கொட்டாப்புளியால் ஒரு போடு போட்டால் உளி திரும்பி என்னைப் பார்க்கும். காலெல்லாம் வெளிப்பக்கம் விரிந்து நிற்கணும், அப்போதுதான் சாயாது. விரிகிற காலுக்கு இடது வலது உண்டு, செருப்பு மாதிரி. அது எனக்குத் தோன்றவில்லை. நாலு காலையும் ஒரே சாய்வில் வெட்டிவிட்டேன். நாலும் இடது கால். மாட்டிப் பார்த்தால் ஓடுகிற ஆள் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. இரண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வெட்டினேன்.

முன்வாசலில்தான் வேலை. கொல்லையில் வெயில், உள்ளே தூசி. நாள் முழுக்கத் தட்டுவேன். அப்பாவின் அறை ஜன்னல் வாசல் பக்கம். தட்டுகிற சத்தம் அவருக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று ஒரு தடவை கேட்டேன். "தட்டு, தட்டு" என்றார். சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஊரார் வர ஆரம்பித்தார்கள். நான் வந்த புதிதில் எட்டிப் பார்க்காதவர்கள்கூட. பக்கத்து வீட்டு ரத்தினபாய் சித்தி முதலில் வந்தார். வாசலில் நின்று குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய் அப்பா தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபம் செய்தார். மறுநாள் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாட்டுப் பாடினார்கள். அப்புறம் போதகர் வந்து திருவிருந்து கொடுத்தார். போகும்போது என் தோளைத் தட்டி, நல்ல மகன் என்றார். பரவாயில்லையே, இன்னும் இந்த ஊரில் இப்படி ஒட்டுறவு இருக்கிறதே என்று நான் நினைத்துக்கொண்டேன். பாட்டுக்கூட நன்றாகத்தான் இருந்தது, எங்கேயோ கேட்ட பாட்டு. எங்கே கேட்டேன் என்பதுதான் நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது குதிரைக்கும் கால் மாட்டி, இரண்டையும் வாசலில் எதிரெதிராக நிறுத்திவைத்த அன்றைக்கு அக்கா தூக்குச்சட்டியோடு வந்தாள். படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னல இது?"

அறுக்கிறதுக்கு என்றேன்.

"எத அறுக்க?"

உண்மையைச் சொன்னால் அப்போதைக்கு அறுப்பதற்கு ஒன்றும் இல்லை. முதலில் குதிரையைச் செய்தால்தானே பிறகு எதை அறுப்பது என்று யோசிக்கலாம்.

"அப்பா உயிரோட உள்ள கெடக்காவ. நீ வாசல்ல ஒக்காந்து பெட்டி வைக்கக் காலு செஞ்சிட்டு இருக்க. அந்தச் சத்தத்த நாளெல்லாம் அவங்க படுத்துக் கேட்டுட்டு இருக்காவ. ரத்தினபாய் சித்தி எங்கிட்டயே கேக்கா, தம்பி அளவெடுத்துட்டானான்னு."

உங்களுக்குப் புரிகிறதா? எங்கள் ஆட்களிடம் அடக்கத்துக்கு முன்னால் சவப்பெட்டியை வாசலில் வைப்பார்கள். தரையில் வைக்கக் கூடாது. இரண்டு கால், அதன் மேலே பெட்டி, சுற்றி ஜனம், ஜெபம், பாட்டு. அந்தப் பாட்டுதான் அப்பாவின் அறையில் அவர்கள் பாடியது. எங்கே கேட்டேன் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் அம்மாவை வாசலில் வைத்திருந்தபோது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை அண்ணாச்சி. ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம் இல்லையா? தம்பி, இது என்ன, எதற்கு என்று. ஒருத்தரும் கேட்கவில்லை. அவர்களாகவே முடிவு செய்துகொண்டு, அவர்களாகவே வந்து, படுத்திருக்கிற மனிதரைச் சுற்றி நின்று பாடிவிட்டுப் போகிறார்கள். ஒரு மனிதனைக் கேட்காமலே அவனைப் பற்றி எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுவது. இந்த ஊரில் எனக்குப் பிடிக்காதது அதுதான்.

அக்காவிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது. உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார்.

"லே, ஒங் குதிரய இங்க கொண்டா."

ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். நல்ல கனம். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் தலையணையில் சாய்ந்தபடி கையை நீட்டி மேல்கட்டையைத் தடவினார். முளை அடித்த இடத்தை விரலால் தேடிப் பார்த்தார். உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. அது அசையவில்லை. அப்புறம், என்னை எழுப்பி உட்கார வை என்றார். உட்கார்ந்துகொண்டு இரண்டு கையையும் அதன் மேலே வைத்து அழுத்தினார். நான் என் வாழ்நாளில் செய்த எதையும் அப்பா தொட்டுப் பார்த்ததில்லை. என் காலேஜ் பட்டத்தைக்கூட. தூரத்திலிருந்து பார்த்து, சரி, பெட்டியில் வை என்றார்.

"ஒசரம் கூடுதல். கொற" என்றார்.

புத்தகத்தில் சொன்னபடி என் உயரத்துக்குத்தான் செய்திருந்தேன். நின்றால் தொங்குகிற கைக்கு எட்டுகிற மாதிரி. நான் அம்மா வழியில் நெட்டை. அப்பா நம்மைப் போல இல்லை, கட்டை. எவ்வளவு குறைக்க என்று கேட்டேன்.

"நீ அறு. நான் சொல்லுதேன்."

அக்கா தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். "ஏம்ப்பா இப்பிடிப் பேசுதிய" என்றாள். நீ சும்மா கெட, எனக்கு வேண்டியத எனக்குச் சொல்லத் தெரியும் என்றுவிட்டார் அவர். மனிதர் தன் பெட்டிக்கு உயரம் சொல்கிறார். எங்கள் சொந்தத்தில் குட்டையானவர்கள் அதிகம். சின்னப் பிள்ளைகளும் முகம் பார்க்கணும். அதையெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்கிறார் என்று நினைத்தேன். சாவைப் பற்றி இவ்வளவு தெளிவாக இருக்கிறாரே, இப்படிப்பட்டவரை இங்கே இந்த ஜனங்கள் நடுவில் விட்டுவைக்கக் கூடாது என்ற எண்ணம் எனக்கு இன்னும் உறுதியாகிவிட்டது.

அறுத்தேன். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, இதன் மேலே அதைக் குப்புறப் போட்டுக் காலை அறுத்தேன். செய்த குதிரையால் எனக்கு ஆன முதல் வேலை அதுதான். ஆனால் காலை அறுப்பது சாதாரண விஷயமில்லை அண்ணாச்சி. நாலில் ஒன்று நூல் அளவு கூடினால் ஆடும். கூடியதை அறுத்தால் அது குறைந்து வேறொன்று கூடும். அறுத்து உள்ளே கொண்டுபோவேன், அப்பா கையை வைத்து அழுத்துவார், "ஆடுது" என்பார். மறுபடி வெளியே. மறுபடி உள்ளே. "ஆடுது, ஆனா ஒசரம் கிட்ட வந்துட்டு." மறுபடி. தெருவில் போகிற ஒருவர், குதிரைக்கு லாடம் அடிக்கியளா தம்பி என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் ஒருமுறை கையை வைத்தார், அழுத்தினார், இடுப்பைத் தூக்கி உடம்பு பாரத்தையே அதில் போட்டார்.

"போதும். இங்கனயே கெடக்கட்டும்" என்றார்.

மற்றதையும் இதே அளவுக்கு அறுத்துவிடட்டுமா என்றேன். "அது பெறவு பாத்துக்கிடலாம்" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. பெட்டி ஒரு பக்கமாகச் சரியுமே. அதை ஒரு தகப்பனிடம் எப்படிச் சொல்வது? விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு வீடு அமைதியாக இருந்தது. பாட்டுக்காரர்கள் வருவதை அக்கா நிறுத்திவிட்டாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் கொஞ்சம் கண்ணயர்வேன். அப்போது மட்டும் எங்கேயோ கர்ர், கர்ர் என்று ஒரு சத்தம். யார் வீட்டிலோ அரிசி மூட்டையை இழுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அப்பா அறையில் சிவப்புத் தரை. பார்த்தால் அதில் வெள்ளை வெள்ளையாகக் கீறல். வீடு துடைக்க வருகிற பேச்சியம்மாளைக் கூப்பிட்டு, கட்டிலை இப்படி இழுக்காதே, தரை போய்விட்டது பார் என்று சத்தம் போட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா உத்திரத்தைப் பார்த்தார். சரி சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கீறல் நாளுக்கு நாள் நீண்டது. கட்டிலிலிருந்து ஜன்னல் வரை இருந்தது, அப்புறம் கதவு வரை வந்தது. கதவு வரை யாராவது கட்டிலை இழுப்பார்களா என்று எனக்குத் தோன்றியிருக்கணும். தோன்றவில்லை. நான் வண்டிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன்.

நேற்றுக் காலையில் வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரோடு, உள்ளே மின்விசிறியோடு, நல்ல வண்டி. அப்பாவின் துணியெல்லாம் கட்டி வைத்துவிட்டேன். டிரைவருக்கு வழிகாட்ட வாசலுக்குப் போய், அவனோடு பேசிக்கொண்டே திரும்பினால், அப்பா நிற்கிறார்.

நிலைப்படியில் நிற்கிறார் அண்ணாச்சி. வெள்ளைச் சட்டை போட்டு, பொத்தான் எல்லாம் மாட்டி, இரண்டு கையையும் குதிரை மேலே ஊன்றிக்கொண்டு. அந்த உயரம் அவர் கைக்கு வைத்துச் செய்த மாதிரி இருக்கிறது. கனமான மரம் இல்லையா, சாயவே சாயாது. அதை முன்னால் நகர்த்தி, ஒரு எட்டு வைத்து, மறுபடி நகர்த்தி, கட்டிலிலிருந்து கூடம் தாண்டி அங்கே வந்திருக்கிறார். கால் நடுங்குகிறது, கை நடுங்கவில்லை.

டிரைவரைப் பார்த்து, "யாருக்கு வண்டி?" என்றார்.

டிரைவர் என்னைப் பார்த்தான். பேஷன்ட்டுக்கு என்றான்.

"பேஷன்ட் எங்க?"

அவன் ஸ்ட்ரெச்சரைப் பாதி இழுத்தபடியே நின்றான். தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். ரத்தினபாய் சித்தி ஓடி வந்து அப்பாவிடம், அண்ணாச்சி, நாங்கல்லாம் வேற மாதிரில்லா நெனச்சோம் என்று இழுத்தார். அப்பா அவரிடம், "நீங்க நெனச்சது தெரியும். பாட்டு கேட்டுச்சே. இன்னொருக்க பாட வேண்டியிருக்கும், அப்ப வாங்க" என்றார்.

நான் அவர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். எல்லா ஏற்பாடும் செய்துவிட்டேன் அப்பா. கம்பி பதித்திருக்கிறேன். மணி வைத்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். லிஃப்ட்டைக்கூட அளந்து பார்த்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றையும் மறுக்கவில்லை, கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாஞ் சரிதாம்ல. எங்கிட்ட கேட்டியா?"

அவ்வளவுதான் சொன்னார். வண்டி போய்விட்டது.

இப்போது சொல்லுங்கள். நல்லதுக்குச் செய்கிற காரியத்துக்குக் கேட்டுக்கொண்டா இருப்பார்கள்? தீப்பிடித்த வீட்டில் ஒருவரிடம், ஐயா வெளியே வருகிறீர்களா என்று கேட்டுக்கொண்டா நிற்பார்கள்? சரி, வீட்டில் தீப்பிடிக்கவில்லைதான். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால் அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. உயரத்துக்கு அழுதாளே, அன்று சாயங்காலமே அப்பா அவளிடம் சொல்லிவிட்டாராம். பேச்சியம்மாள்தான் கூடவே நின்று பிடித்திருக்கிறாள். நீயாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். "நீ எங்களக் கேக்கவே இல்லியல. சொன்னா மட்டும் கேக்கவா போற" என்றாள். பிறகு சாப்பாடு போடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ இங்கயே இருந்துக்கிடலாம்லா?" என்றாள்.

அது எப்படி முடியும்? அங்கே வீடு தயாராக இருக்கிறது. குளியலறையில் அவ்வளவு கம்பி பதித்திருக்கிறேன். அதைத்தான் சொன்னேன்.

"அந்தக் கம்பியப் பிடிக்க அங்க யாருல இருக்கா?"

மீன்குழம்பு நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

இன்று புறப்படும்போது அப்பா தன் குதிரையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். மற்றது சுவரோரம் கிடந்தது. அதைக் காட்டி, "ஒண்ணுதான் எனக்கு. இத நீ எடுத்துட்டுப் போ" என்றார். ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாதுப்பா, ஜோடியாக இருந்தால்தான் என்றேன்.

"அங்க ஒத்தையில கெடக்க. கையெட்டுல ஒண்ணு கெடக்கட்டும்."

வேண்டாம், பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், கனம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. நான் எடுத்தால்தான் அவர் போய்ப் படுப்பார் போலிருந்தது. அவரை எவ்வளவு நேரம் நிற்க வைப்பது? எடுத்துக்கொண்டேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். நின்றுகொண்டுதான் இருந்தார்.

மனிதருக்குப் பிடிவாதம். வேறு என்ன சொல்ல. கோயம்புத்தூர் போனதும் இதற்கு ஜோடி ஒன்று செய்யணும். அளவு இதிலேயே இருக்கிறது. அலுப்பாக இருக்கிறது, இப்போதைக்கு முடியுமா தெரியவில்லை. ஒரு மாதம் போகட்டும்.

அதோ வண்டி வருகிறது பாருங்கள். திருநெல்வேலிதானே? கண்ணாடி இல்லாமல் போர்டு தெரியவில்லை. நீங்கள் முதலில் ஏறுங்கள் அண்ணாச்சி, கண்டக்டரிடம் பின்படியைத் திறக்கச் சொல்லுங்கள், இதை அந்தப் பக்கம் வைத்துவிடலாம். இல்லை, இல்லை. கை கொடுக்க வேண்டாம். நானே எழுந்திருப்பேன், முழங்கால்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும். அந்தக் குதிரையை மட்டும் என் பக்கம் தள்ளுங்கள். இன்னும் கொஞ்சம். போதும்.

பாருங்கள், உயரம் சரியாகத்தான் இருக்கிறது.